மூச்சு விடாத பெண்

“அவ மூச்சே விடமாட்டா மேடம். அப்படி ஒரு பேச்சு” என்றாள் அறிவுமதி.

துப்பறியும் நிபுணர் ஷைலஜா குறிப்பேட்டிலிருந்து நிமிர்ந்தாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய உதவியாளன் ஜாஃபர் சாதிக் மூன்றாவது முறுக்கை எடுத்துக்கொண்டிருந்தான்.

குடவாசலுக்கு வெளியே, நடவு முடிந்த வயலைப் பார்த்த வீடு அது. அறிவுமதியின் கணவர் இராஜாங்கம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். அவர் வீட்டை விட்டுப் போய் ஒன்பது நாள் ஆகிறது. போன மறுநாள், ‘நல்லா இருக்கேன், தேட வேண்டாம்’ என்று ஒரு செய்தி வந்தது. அதன் பிறகு போன் அணைந்துவிட்டது.

“அந்தக் குரலை எத்தனை நாளா கேக்கறீங்க?”

“நாலு மாசமா. பின்னாடி ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவாரு. உள்ளேருந்து ஒரு பொம்பள பேசுவா.”

“சார் பதிலுக்கு என்ன பேசுவார்?”

அறிவுமதி யோசித்தாள். “அவர் பேசி நான் கேட்டதில்ல.”

“ஒரு தடவை கூடவா?”

“இல்ல. அவ மட்டுந்தான்.”

“அப்ப அது கள்ளக்காதல் இல்ல மேடம், கல்யாணம்” என்றான் ஜாஃபர். ஷைலஜா பார்த்த பார்வையில் முறுக்கு பாதி வழியில் நின்றது.

“அவ பேசினதுல ஒரு வார்த்தையாவது ஞாபகம் இருக்கா?”

“ஒண்ணே ஒண்ணுதான். ‘எப்ப வருவீங்க’ன்னு கேட்டா. மத்தது ஃபேன் சத்தத்துல வெளங்கல. கொஞ்சுறதுன்னா ஒரு குழைவு வேணாமா? ஏத்த எறக்கமே இல்லாம, ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிக்கிறவ மாதிரி கேக்குறா. நான் கதவத் தட்டுனா நடு வார்த்தையில நின்னுடும்.”

“நீடாமங்கலம் ஜங்ஷன்ல விசாரிச்சுப் பாக்கலாமா?” என்றான் ஜாஃபர்.

ஷைலஜா சிரிக்கவில்லை. ‘மூச்சு இல்லை. குழைவு இல்லை. நடு வார்த்தையில் நிற்கிறாள்’ என்று எழுதிக்கொண்டாள். “வேற என்ன மாற்றம் பாத்தீங்க?”

கேட்கக் காத்திருந்தவள் போல அறிவுமதி கொட்டினாள். பைக்கை விற்றுவிட்டார். பொழுது சாய்ந்தால் வாசல் தாண்டுவதில்லை. பக்கத்தில் போய் நின்றாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. “ஒருநாள் தட்டு ஓரத்துல அப்பளம் வெச்சேன். தொடவே இல்ல. ‘அப்பளம் பொரிக்கலையா’ன்னு என்னையே கேக்குறாரு! என் கையால வெச்சது அவர் கண்ணுக்கே தெரியல மேடம். அவ்வளவு வெறுப்பு.”

பிறகு அவள் உள்ளே போய் ஓர் அட்டையை எடுத்து வந்து மேசையில் எறிந்தாள். கல் பதித்த ஸ்டிக்கர் பொட்டு அட்டை. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தன.

“இது அவர் பையில இருந்துச்சு. நான் குங்குமம் வெக்கிறவ. அந்த மூணு பொட்டு எவ நெத்தியில இருக்கு?”

“கம்ப்யூட்டரை நீங்க பாத்தீங்களா?”

“அந்தக் கருமத்த நான் தொடுவேனா? போன மாசம் அதுல இருந்ததையெல்லாம் அழிச்சுட்டு புது விண்டோஸ் போட்டாரு. மூணு நாளு அதே வேலை. எல்லாம் தடயத்த அழிக்கத்தான?”

“அவர் போன அன்னிக்கு என்ன நடந்தது?”

அறிவுமதியின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. “ ‘அவகிட்டயே போயிடுங்க’ன்னு கத்துனேன். இல்ல, அப்படி யாருமே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லணும்ல? ‘சரி’ன்னாரு. ஒரு பைய எடுத்துக்கிட்டு, சுவத்தத் தடவிக்கிட்டே படியெறங்கிப் போனாரு. அந்தச் ‘சரி’ய என்னால முழுங்க முடியல மேடம்.”

“அவரைக் கண்டுபிடிக்கணும், இல்லையா?”

“அவர் வேணாம். அவ பேரு வேணும். ஞாயித்துக்கிழமை திருப்பூர்லேருந்து எங்க அண்ணன் வர்றாரு. பேரு தெரிஞ்சுட்டா மனசு விட்டுப்போயிடும். வீட்டப் பூட்டிட்டு அவரோட கெளம்பிடுவேன்.”

*

பின்னறையில் கம்ப்யூட்டர் பழைய வேட்டித் துணியால் மூடியிருந்தது. அறிவுமதி உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

“எல்லாத்தையும் அழிச்சாச்சாம். இதுல என்ன மேடம் கிடைக்கப்போகுது?” என்றான் ஜாஃபர்.

“அழிக்கிறதுக்கு அரை மணி நேரம் போதும். மூணு நாள் எதுக்கு?”

“மெதுவா அழிக்கிறாரு. அரசு ஊழியர்தானே.”

“அழிச்சது அரை மணி நேரம். மீதி நேரம் முழுக்க அமைச்சிருக்கார். நாம பாக்க வேண்டியது அதைத்தான்.”

ஷைலஜா சொன்னதில் விஷயம் இருந்தது. புது இயங்குதளம் போட்டவுடன் கம்ப்யூட்டர் தன் ஆளை மறந்துவிடும். எந்த மொழி, எழுத்து எவ்வளவு பெரிது, சுட்டி என்ன நிறம் என்று ஒவ்வொன்றையும் நாம்தான் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். முக்கால்வாசிப் பேர் வருகிறபடியே விட்டுவிடுவார்கள். ஒருவர் எதை மெனக்கெட்டு மாற்றினாரோ, அதுதான் அவருக்கு இல்லாமல் முடியாதது. காலி செய்த வாடகை வீட்டில் ஆணிகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பார்த்தால், முன்பு குடியிருந்தவரின் உயரம் தெரிந்துவிடும். அதே கணக்குத்தான் இங்கேயும்.

ஜாஃபர் துணியை விலக்கிப் பொத்தானை அழுத்தினான். கடவுச்சொல் எதையும் கேட்காமல் திரை திறந்துகொண்டது.

“முதல் ஆணி” என்றாள் ஷைலஜா. “பூட்டே இல்லை. காதலியை உள்ளே வெச்சிருக்கிறவர் கதவைத் திறந்து போட்டுட்டுப் போவாரா?”

திரை முழுக்க அடர்கறுப்பு. அதன் மேல் வெள்ளை எழுத்துகள். ஜாஃபர் மௌசை நகர்த்த, பூவரசு இலை அளவுக்கு ஒரு மஞ்சள் அம்பு ஓடியது.

“ஐயோ, இது சுட்டியா, கட்சிக் கொடியா?”

“இரண்டாவது ஆணி. கன்ட்ரோல் பொத்தானை ஒருதடவை தட்டிப் பாரு.”

அவன் தட்டினான். திரையில் பெரிய வட்டங்கள் தோன்றிச் சுருங்கி, சுருங்கி, அம்பின் நுனியில் போய் முடிந்தன.

“சுட்டி எங்கேன்னு காட்டிக்கொடுக்கிற வசதி. இது தானா வராது. தேடிப்போய்ப் போட்டிருக்கார். யோசி ஜாஃபர், இவ்வளவு பெரிய மஞ்சள் அம்பு, கறுப்புத் திரையில. அதையே ஒருத்தர் அடிக்கடி தொலைக்கிறார்னா?”

ஜாஃபரின் விரல் கன்ட்ரோல் பொத்தானிலேயே நின்றுவிட்டது. “மேடம், இதுல ஏதோ குத்துது.”

ஷைலஜா குனிந்து பார்த்தாள். பொத்தானின் நடுவில் சின்னதாக ஒரு கல் மின்னியது. பக்கத்தில் ஜன்னல் படம் போட்ட பொத்தானில் இன்னொன்று. வலது பக்கம் என்டரில் மூன்றாவது.

“மூணு பொட்டும் கிடைச்சாச்சு” என்றான் ஜாஃபர். “நெத்தி எங்க இருக்குன்னு தெரியாத பொண்ணு போல.”

“கண்ணை மூடு. கையை விசைப்பலகையில வை. அந்த மூணையும் தேடு.”

அவன் கண்ணை மூடித் தடவினான். ஒரு நொடியில் மூன்றும் அகப்பட்டன.

“இப்ப மூணையும் சேர்த்து அழுத்து.”

அழுத்தினான். ஒலிபெருக்கியில் ஒரு சின்ன மணிச் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஒரு பெண் பேசினாள். மூச்சு விடாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், திரையில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“இவதான்!” அறிவுமதி படியைத் தாண்டி உள்ளே பாய்ந்தாள். “இவளேதான் மேடம்! எங்க இருக்கா? எங்கேருந்து பேசுறா?”

ஷைலஜா கன்ட்ரோல் பொத்தானை அழுத்தினாள். குரல் நடு வார்த்தையில் நின்றது.

“இவளுக்குப் பேர் இல்லைங்க அறிவுமதி. நெத்தியும் இல்ல. திரையில இருக்கிற எழுத்தைப் படிச்சுக் காட்டுற நிரல் இது. அந்த மூணு பொத்தானையும் சேர்த்து அழுத்தினா பேசத் தொடங்கும். கன்ட்ரோலைத் தொட்டா நின்னுடும். புது விண்டோஸ் போடும்போது, முதல் திரையிலிருந்தே இதைப் பேச வைக்கலாம். மூணு நாள் சார் தனியா உக்காந்து, காதாலேயே இந்தக் கம்ப்யூட்டரை அமைச்சிருக்கார். தமிழ்ப் பெண் குரலைத் தனியா இறக்கிப் போட்டிருக்கார்.”

“படிச்சுக் காட்டவா? அவருக்குப் படிக்கத் தெரியாதா?”

ஷைலஜா குறிப்பேட்டைத் திறந்து, அறிவுமதி சொன்ன குற்றப் பட்டியலையே நிதானமாகத் திருப்பிப் படித்தாள். பைக் ஓட்டுவதில்லை. இருட்டினால் வெளியே போவதில்லை. பக்கத்தில் நிற்பவர் தெரிவதில்லை. தட்டின் ஓரத்தில் இருந்த அப்பளம் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு படியிறங்கினார்.

“பப்பாளி இலைக்காம்பு உள்ளே ஓட்டையா இருக்கும்ல? அது வழியா உலகத்தைப் பாத்தா எப்படி இருக்கும்? நேரே இருக்கிற ஒரு வட்டம் மட்டும் தெரியும். மேலே, கீழே, பக்கத்தில எதுவும் தெரியாது. சில கண் நோய்ல அந்த வட்டமும் சுருங்கிக்கிட்டே வரும்.”

“சும்மா சொல்றீங்க. கண்ணாடிகூட மாத்துனாரே.”

“எத்தனை தடவை?”

அறிவுமதி விரல்விட்டு எண்ணினாள். “ஒரே வருஷத்துல மூணு தடவ.”

அவள் அங்கிருந்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஆனால் உடனே நிமிர்ந்தாள். அவ்வளவு சுலபத்தில் விட அவளால் முடியவில்லை. “சரி, படிக்கிறது மெஷினு. எழுதுனவ ஒருத்தி இருப்பால்ல? ‘எப்ப வருவீங்க’ன்னு மெஷினு தானாவா கேக்கும்?”

ஜாஃபர் ஷைலஜாவைப் பார்த்தான். “நியாயமான கேள்வி மேடம்.”

ஷைலஜா உலாவியைத் திறந்தாள். கடைசியாகத் திறந்திருந்த இரண்டு பக்கங்கள் அப்படியே வந்தன. முதலாவது மின்னஞ்சல். அதில் தனியாக ஒரு கோப்புறை, அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள். எல்லாவற்றையும் அனுப்பியிருந்தது ஒரே முகவரி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்களும் எழுத்துகளும் இருந்தன.

“வேணாம் மேடம்” என்றாள் அறிவுமதி திடீரென்று. பிறகு அவளே, “இல்ல, படிக்கச் சொல்லுங்க” என்றாள்.

ஷைலஜா கடைசியாகத் திறந்திருந்த கடிதத்தில் நின்று என்டரை அழுத்தினாள்.

“இரண்டாயிரத்து ஒன்பது, ஆகஸ்ட் எட்டு” என்று தொடங்கியது குரல். “இன்னிக்கு வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு. நீங்க விட்டுட்டுப் போன சைக்கிள ஓட்டப் பழகிட்டேன். மூணு தடவ விழுந்தேன். முழங்கால்ல தோலு போயிடுச்சு. யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அங்க உங்களுக்குச் சோறு சரியா கிடைக்குதா. தமிழ்ல தட்டுறதுக்கு ஒரு வாரம் பழகினேன், சிரிக்காதீங்க. எப்ப வருவீங்க.”

கேள்விக்குறியில்கூடக் குரல் உயரவில்லை. அடுத்த கடிதத்தின் தேதியைச் சொல்லப் போனது. ஷைலஜா கன்ட்ரோலைத் தொட்டாள்.

அறிவுமதியின் வலது கை, புடவைக்கு மேலாகத் தன் முழங்காலைப் பிடித்திருந்தது.

“அப்ப அவர் மாலத்தீவுல வாத்தியார் வேலை பாத்தாரு” என்றாள். “கல்யாணம் ஆயி எட்டு மாசம். குடவாசல்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்து எழுதுவேன். அந்த மெயில் ஐடி எனக்கே மறந்துபோச்சு.” மூச்சு திணறியது. “பதினாறு வருஷம் மேடம். நான் எழுதுனத நானே கதவுல காத வெச்சுக் கேட்டுட்டு, எவ அவன்னு…”

ஜாஃபர் கையிலிருந்த பொட்டு அட்டையை மெதுவாக மேசையில் வைத்தான்.

இரண்டாவது பக்கம் ஒரு விண்ணப்பம். தஞ்சாவூரில், வளர்ந்த பிறகு பார்வை இழந்தவர்களுக்குத் தங்கும் வசதியோடு ஒரு பயிற்சி இல்லம். காலம் மூன்று மாதம். சேர வேண்டிய தேதி, அவர் வீட்டை விட்டுப் போன மறுநாள்.

*

வழியெல்லாம் சாலையின் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். ஜாஃபர் மீதிப் பாதியில் காரை ஊர்ந்து ஓட்டினான். வலங்கைமான் தாண்டியதும் அறிவுமதி ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். “என்கிட்ட ஏன் சொல்லல?” அது யாரிடமும் கேட்ட கேள்வியாக இல்லை.

பயிற்சி இல்லத்தின் முற்றத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நடந்து பழகினார்கள். இராஜாங்கம் புங்கமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கோல் மடியில் மடங்கிக் கிடந்தது. முகச்சவரம் செய்ததில் காதோரம் ஒரு கீற்று விட்டுப்போயிருந்தது.

ஷைலஜா அவருக்கு நேர் எதிரே போய் நின்றாள். அறிவுமதி பெஞ்சின் பக்கவாட்டில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்து நின்றாள். பேசத்தான் வந்தாள். அந்தக் கீற்றைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சார், நான் ஷைலஜா. துப்பறியும் நிறுவனத்திலிருந்து வர்றேன். உங்க மனைவிதான்…”

“அவ அனுப்பிச்சாளா?” இராஜாங்கம் பரபரப்பாக நிமிர்ந்தார். “நான் இங்க இருக்கறது அவளுக்குத் தெரியுமா?”

ஷைலஜா அறிவுமதியைப் பார்த்தாள். சொல்ல வேண்டாம் என்று அறிவுமதி தலையசைத்தாள். ஷைலஜா தயங்கிய அந்த ஒரு நொடியை அவர் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார்.

“தெரியாதுல்ல? அப்பாடா. மேடம், ஒரு ஒத்தாசை பண்ணுங்க. அவ உங்கள எதுக்கு அனுப்பிச்சான்னு எனக்குத் தெரியும். பொண்ணு பேரு கேட்டிருப்பா.”

“ஆமா.”

“ஏதாச்சும் ஒரு பேரச் சொல்லிடுங்க. ஊரு மெட்ராஸுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பிடுவா.”

ஜாஃபர் ஓரடி முன்னால் வந்தான். “சார், குத்தம் செஞ்சவங்க எல்லாரும் எங்ககிட்ட பேரை மறைக்கச் சொல்லுவாங்க. செய்யாத குத்தத்துக்குப் பேர் வெக்கச் சொல்றது நீங்க ஒருத்தர்தான்.”

“ரெண்டு வருஷத்துல பார்வை முழுசாப் போயிடும்னு டாக்டர் சொன்னாரு தம்பி. ஒண்ணரை வருஷம் போயிடுச்சு. தெனமும் சொல்லிடலாம்னுதான் எழுந்திருப்பேன். அதுக்குள்ள அவ, வேற ஒருத்தி இருக்கான்னு நெனச்சுட்டா. மொதல்ல துடிச்சுப்போயிட்டேன். அப்புறம் யோசிச்சேன். இதுவும் நல்லதுக்குத்தானே?” பாடம் நடத்துகிறவர் போலக் கையை விரித்தார். “கோவம்னா அது ஒருநாள் ஆறிடும். அண்ணன் வீட்டுக்குப் போவா. திருப்பூர்ல ஏதாவது வேலைக்குச் சேருவா. நாப்பத்திமூணு வயசுதான் ஆகுது. பரிதாபப்பட்டு என்கூட இருந்துட்டான்னா, என்னைக் கையப் புடிச்சுக் கூட்டிப்போறதுலயே அவ ஆயுசு போயிடும். எங்களுக்குப் புள்ளயும் இல்ல. அவளுக்கு ஒரு கெட்ட புருஷன் இருந்தான்னு இருக்கட்டும் மேடம். குருட்டுப் புருஷன் வேணாம்.”

“அவங்க கடிதத்தையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே, அது?” என்றாள் ஷைலஜா.

இராஜாங்கத்தின் கைகள் மடங்கின. “அதையும் பாத்துட்டீங்களா?” என்றார் மெல்ல. “படிக்க முடியலைங்க. கேக்கவாச்சும் கேப்போமேன்னு.”

“யாரக் கேட்டு முடிவு பண்ணுனீங்க?”

குரல் அவ்வளவு பக்கத்திலிருந்து வந்ததில் அவர் திடுக்கிட்டு எழுந்தார். மடியிலிருந்த கோல் கீழே விழுந்தது.

“அறிவு? நீ எப்ப வந்த?”

“பேரு வெக்கச் சொன்னீங்கள்ல, அப்பவே இங்கதான் நிக்கிறேன்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என் ஆயுசு எப்படிப் போவணும்னு யாரக் கேட்டு முடிவு பண்ணுனீங்க? நான் திட்டுனப்ப வாய மூடிக்கிட்டு இருந்தீங்களே. நாலு மாசம் உங்களத் திட்டியிருக்கேன். அது எனக்கு ஆறிடுமா? அத யாருகிட்ட குடுத்துட்டுப் போவேன்?”

அவர் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். ஆனால் பார்வை ஒரு சாண் தள்ளி, அவளுக்குப் பின்னால் இருந்த மரத்தின் மேல் போய் விழுந்தது. அங்கே அவளைத் தேடினார்.

அறிவுமதிக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும், அழுகையை நிறுத்திக்கொண்டு ஓரடி நகர்ந்து, அவர் பார்வை விழுந்த இடத்தில் போய் நின்றாள்.

ஷைலஜா ஜாஃபரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

இராஜாங்கம் பார்த்தார். அவள் ஒரு கண்ணைப் பார்த்தார். பிறகு மற்றொரு கண்ணை. நனைந்த கன்னத்தை, உதட்டை, கழுத்தை. முகத்தை மெல்ல இறக்கி, புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்த அவள் கைகளை. அந்தச் சின்ன வட்டத்துக்குள் அவளை முழுதாகப் பார்த்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

அதுவரை அவள் அசையாமல் நின்றாள்.